கொங்கோவுக்குப் போகக் கீறிய படம்

மன்னாரிலிருந்து வவுனியா போவதற்கே பாஸ் எடுக்க வேண்டிய யுத்த காலத்தில், நான் ஆபிரிக்காவுக்குப் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். கொங்கோவின் மழைக்காட்டுத் தேசியப் பூங்காவைப் பற்றிப் பழைய சஞ்சிகையொன்றில் படித்த நாளிலிருந்து அந்தப் பைத்தியம். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானோ ஆறு, ஒற்றையடிப் பாதை, தங்கும் முகாம் எல்லாம் குறித்துப் படமே கீறிவிட்டேன்.

அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு முருங்கனில் மன்னார் பஸ் ஏறியதுதான் மடத்தனம். மன்னார்ப் பாலத்துக்கு முன்னாலிருந்த சோதனைச்சாவடியில் சிப்பாய் அதை விரித்துப் பார்த்தான். காடு, பாதை, முகாம்! போராளிகளின் படமென்று நினைத்து என்னைத் தனியே நிறுத்தினான். எனக்குச் சிங்களம் தெரியாது, அழுகைதான் வந்தது.

பஸ்ஸிலிருந்து முன்பின் தெரியாத பெண்ணொருவர் இறங்கி வந்தார். "என்னா புள்ள இது?"

"ஆபிரிக்கக் காடு அக்கா. பார்க்கப் போறதுக்குக் கீறினனான்."

அவர் சிரிக்கவில்லை. சிப்பாயிடம் சரளமான சிங்களத்தில் வாதாடினார். பஸ் புறப்படப் பார்த்தது. "நீங்க போங்க. இந்தப் புள்ளய விட்டுட்டு நான் வரல" என்று நடத்துனரிடம் சொல்லிவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வெயில் சாய்ந்தபின் வந்த மேலதிகாரி அவர் சொன்னதைக் கேட்டு, படத்தைக் கிழித்துப் போட்டு என்னை விட்டார்.

பாலத்தில் நடந்தோம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து முருங்கனில் வயல் கூலிக்குப் போகிறாராம். நடக்கும்போது அவர் கேட்டார்:

"அந்தக் காட்டுல மழ பேயும்ல? அப்ப அட்டை கடிக்கும். கால்ல சவுக்காரக் கட்டியத் தேச்சுக்கிட்டுப் போ."

கொங்கோவுக்கு நான் இன்றுவரை போகவில்லை. ஆனால் போவேன் என்று நம்பியவர் அவர் ஒருவர்தான்.