பசைக்காரர் வாங்கிய வீடு

எங்கள் கோர்ட்டில் நோட்டீஸ் ஒட்டுகிறவருக்குப் பசைக்காரர் என்று பெயர். ஒரு வீட்டின் மேல் வழக்கு நடந்தால், அதை வாங்குகிறவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்று அச்சடித்த தாளை அந்த வீட்டில் ஒட்ட வேண்டும். பார்வையில் படும்படி ஒட்டச் சொல்கிறது சட்டம். யார் பார்வையில் என்று சொல்லவில்லையே என்பார் அவர்.

மனிதருக்கு இளகிய மனசு. "தெருவே பாக்குமே, மானம் போயிடும்ணே" என்று வீட்டுக்காரர்கள் கையைப் பிசைந்தால், இரும்பு கேட்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வருவார். கேட்டைத் திறந்து வைத்தால் தாள் சுவரோடு ஒளிந்துகொள்ளும். கூட வேலை பார்ப்பவரும் இதையே பிடித்துக்கொண்டார். இதற்காக இருவரும் காசுக்குக் கைநீட்டியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பசைக்காரர் மனைவி கல்யாணமான நாள் முதல் வாடகை வீட்டுக்காரி. கடிகாரம் மாட்ட ஓர் ஆணி அடிப்பதற்கும் அடுத்தவரைக் கேட்க வேண்டும். ஒருவழியாக ஒரு வீடு விலைக்கு வந்தது. பார்க்கப் போனபோது கேட் அகலத் திறந்திருந்தது.

"எதுக்கும் வில்லங்கம் போட்டுப் பாத்துடலாங்க" என்றாள்.

"ஊர் வில்லங்கமெல்லாம் என் கை வழியாத்தான் போகுது. எனக்குத் தெரியாம ஒரு கேஸா?"

கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டது அவர் நினைவுக்கே வரவில்லை. சேர்த்து வைத்த அத்தனையும் அந்த வீட்டுக்குள் போயிற்று.

குடிவந்த அன்றே, முதல் ஆணியை அவளே அடித்தாள். பிறகு நாய் நுழைகிறதென்று கேட்டைச் சாத்தினாள். தாள் தெரிந்தது. விற்றவரின் அக்கா, பாதி வீடு தனக்கென்று போட்ட வழக்கு.

பசைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். "நான் லீவுல இருந்தப்போ நம்ம ஆளு ஒட்டினது. சுருக்கமில்லாம ஒட்டியிருக்கான்" என்றார்.

அவள் வெந்நீர் கொண்டுவந்து, தாளை நனைத்து, கிழியாமல் உரித்து அவர் கையில் கொடுத்தாள்.

"வெளிப்பக்கம் ஒட்டுங்க."

"தெருவே பாக்குமேம்மா."

"பாக்கத்தானே ஒட்டறது?"

அவர் பசையை எடுக்கப் போனார். அவள் உள்ளே போய், ஆணியில் மாட்டவிருந்த கடிகாரத்தைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தாள்.