பழக்கடைக்காரரின் கடைசி ரோல்

என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் பழக்கடைக்காரர் என்று பேர். மனுஷன் ஒரு பழம்கூட விற்றதில்லை. பிளாஸ்டிக் ஃபிலிம் இரண்டைப் பசை தடவி ஒட்டிச் சுற்றிய பெரிய ரோல்கள் அவருடைய சூட்டறைக்கு வரும். பசை இறுகும்வரை அந்த வெதுவெதுப்பில் கிடக்கும். அதைப் பழுப்பது என்பார். ஓரத்தைப் பிரித்துப் பார்ப்பார். பசை நூல் நூலாக இழுத்தால் காய்; பிரியாமல் ஃபிலிமே கிழிந்தால் பழம். பழுத்ததை நான் மெஷினில் போட்டுச் சின்ன ரோல்களாக வெட்டுவேன். காயை வெட்டினால் ஃபிலிம் உப்பிப் பிரிந்து, சரக்கு போன வண்டியிலேயே திரும்பி வரும்.

அவருடைய நிதானம் இருக்கிறதே, பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சட்டைப் பொத்தான் போடவே அரை நாள். அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு நாள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார். அன்று சாயந்திர பஸ்ஸில் எங்கள் மகள் முதல் வேலைக்கு வெளியூர் கிளம்புகிறாள். மேனேஜரோ, இருக்கிற ரோலை வெட்டி அனுப்பிவிட்டு இரண்டு பேரும் போங்கள் என்றுவிட்டார்.

"சூட்டைக் கூட்டுங்களேன்" என்றேன்.

"கூட்டினா ஃபிலிம் சுருங்கிடும்டி."

கொஞ்சம் யோசித்தார். நெருக்கியடித்துக் கிடந்த ரோல்களைத் தள்ளித் தள்ளி வைத்தார். ஒவ்வொரு ரோலின் நடுக்குழாய்க்குள்ளும் சூடான காற்று பாயும்படி ஊதுவிசிறிகளைத் திருப்பினார். வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் சூடு ஏறினால் சீக்கிரம் பழுக்கும் அல்லவா? மத்தியானம் தாண்டி நானே ஓரத்தைப் பிரித்தேன். ஃபிலிம் கிழிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பழம்! ஏத்துங்க மெஷின்ல!"

"இரு, உள்சுத்தையும் பாக்கணும்."

"உள்ளயும் அதே பசைதானே! பொண்ணு போயிடுவா, ஆமா!"

ஒவ்வொரு ரோலிலும் குழாயை ஒட்டிய உள்சுற்றின் ஓரத்தையும் பிரித்துப் பார்த்தார். எல்லாம் பழம். கடைசி ரோல் மட்டும் நூல் இழுத்தது. அவசரத்தில் அவரே அதன் குழாய் வாயைச் சுவரில் முட்ட வைத்திருந்தார், காற்றே போகவில்லை. கண் கலங்கி நின்றார்.

"வெட்டிடலாங்க. ஒண்ணே ஒண்ணுதானே" என்றேன்.

"லேட்டாயிடுச்சுன்னு நம்ம பொண்ணுகிட்டச் சொல்லிக்கலாம். வாங்கினவன்கிட்ட என்னத்தச் சொல்றது? நீ கிளம்பு, நான் இருக்கேன்."

"ஆமா, உங்கள விட்டுட்டு நான் மட்டும் போய் என்னத்த டாட்டா காட்ட!"

மற்றதையெல்லாம் வெட்டி முடித்தேன். அந்தக் கடைசி ரோலும் பழுத்து, அதையும் வெட்டி வண்டியில் ஏற்றியபோது வெளியே இருட்டிவிட்டது. பஸ் போயிருக்கும் என்று தெரிந்தும் அடித்துப் பிடித்து ஓடினோம். பஸ் நிலையத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள் மகள்.

"ஏண்டி, பஸ்ஸ விட்டுட்டியா?" என்று கத்தினேன்.

"ரெண்டு பஸ்ஸ விட்டுட்டேன். காலைல போய்ச் சேந்தாப் போதும்மா. அப்பாவப் பாக்காம எப்படி ஏறுவேன்?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவர் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, அவள் தலைமேல் வைத்தார்.

"அடுத்த பஸ் எப்பம்மா?"

"இதோ நிக்குதேப்பா. கிளம்பப் போகுது."

நாள் முழுக்க அவசரப்பட்ட மனுஷன் அந்தப் பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது வேண்டாம். இதுக்கு அடுத்ததுல போ."