மையொற்றிய தாள்

குதிரை லாயத்து மிலுதினைக் கட்டிக்கொள்ள விதோசவா மூன்று முறை அனுமதி கேட்டுவிட்டாள். ராணிக்குத் தலைவாரிவிடுகிறவள், ராணி சம்மதிக்காமல் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. மூன்று முறையும் "இப்போ இல்லை" என்ற பதிலைக் கொண்டுவந்தவள் ஒட்டீலியாதான். பத்தொன்பது வயது ராணியைக் குழந்தையிலிருந்து வளர்த்துப் படிப்பித்த ஜெர்மன்காரி.

"தனக்கு ஆகலைன்னு அந்தக் கெழவி உனக்கும் ஆக விடமாட்டாடி," என்றாள் சமையல்காரி பெர்சிதா.

விதோசவாவுக்கும் அதே சந்தேகம். இல்லாவிட்டால், ராணி நாட்குறிப்பு எழுதி மையொற்றிய தாளைத் தினமும் ஒட்டீலியா தன் கண்ணெதிரே கணப்பில் போடச் சொல்வானேன்?

அன்று காலை ஒட்டீலியா சன்னல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கணப்பின் மேலிருந்த கண்ணாடியில் விதோசவா தாளைக் காட்டினாள். தாளில் இடவலம் மாறிப் பதிந்திருந்த ராணியின் உருண்டைக் கையெழுத்து கண்ணாடியில் நேராகத் தெரிந்தது: "விதோசவாவுக்காக ஒட்டீலியா இன்றும் கெஞ்சினாள். முடியாது என்றேன். அவள் போய்விட்டால் எனக்கு யார் தலைவாருவது?"

தாள் கணப்பில் கருகியதும் ஒட்டீலியா திரும்பினாள்.

"படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேம்மா." விதோசவா சாம்பலைக் கிளறிவிட்டாள். "முடியாதுன்னு சொல்ல அவங்களுக்கு யாரும்மா கத்துக்குடுத்தது?"

"நான்தான். மந்திரிங்ககிட்ட சொல்றதுக்குன்னு கத்துக்குடுத்தேன்."