நம்மூர் குலாக்

பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டைப் பிரித்தார்கள். வழவழப்புத் தாளின் நெடி மூக்கில் ஏறியது. எண்பதுகளில் ரஷ்யாவிலிருந்து வந்த தமிழ்ப் பத்திரிகைகளின் நெடி. அட்டையில் டிராக்டர் மேல் ஒரு பெண், சிரிக்கிறாள். அவர்கள் எல்லோருமே சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

இண்டூர்ப் பக்கம் எங்கள் ஊர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விவசாயிகள் சங்கக் கொட்டகையில் ரஷ்யக் கூட்டுப்பண்ணை நாவல் ஒன்றை நான் வாசிப்பேன்; பாப்பாரப்பட்டியிலிருந்து சைக்கிளில் வரும் கட்சித் தோழர் விளக்கம் சொல்வார். அந்தக் கதையில் தன் மாட்டைப் பண்ணைக்கு ஓட்டி வருகிறவன் பாடிக்கொண்டே வருவான். தானியத்தை ஒளிப்பவன் குலாக், அதாவது பணக்கார விவசாயி, ஆகவே பகைவன். அவன் பிள்ளைகளை எங்கே கொண்டுபோனார்கள்? ஒரு வரி கிடையாது. பட்டினி என்ற சொல்லே கிடையாது. அங்கே ஜனங்கள் லட்சம் லட்சமாகச் செத்ததை நான் பிற்பாடு வேறு புத்தகங்களில்தான் படித்தேன்.

மழை பொய்த்த வருஷம் அது. எல்லோர் விதையையும் கொட்டகையில் ஒன்றாகக் கொட்டலாம் என்றார் தோழர். என் அத்தை மட்டும் மறுத்தாள். சாம்பலில் புரட்டிப் பானையில் வைத்த விதைக் கேழ்வரகு; பசித்த மாதங்களிலும் அவள் அதில் கை வைத்ததில்லை.

"சோறு வேணும்னா போடறேன் தோழரே. வெதைய உட்டுட்டு அடுத்த வருசம் யாரு வூட்டு வாசல்ல நிக்கறது?"

"நம்மூரு குலாக்கப் பாருங்க" என்றார் தோழர். அவள் கையால் எத்தனையோ நாள் களி தின்ற வாய் அது. கொட்டகையே சிரித்தது.

அத்தையிடம் இருந்தது ஒற்றை மாடு. பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரரிடமும் ஒன்று. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி முதலில் அவர் காடு, பிறகு இவள் காடு என்று காலங்காலமாக உழுதார்கள். கூடி உழுவதை எங்கள் ஊருக்கு எந்தத் தேசமும் கற்றுத்தர வேண்டியதில்லை. தாமதமாக ஒரு மழை இறங்கியதும் அவர் தன் மாட்டைத் தரவில்லை. குலாக்கோடு ஏர் பூட்டினால் சங்கம் தன்னையும் ஒதுக்கிவிடும் என்றார். அத்தை மண்வெட்டியால் கொத்தினாள். பாதிக் காடு முடிவதற்குள் ஈரம் போய்விட்டது. எங்கோ மேசை முன்னால் உட்கார்ந்து ஒருவன் எழுதிய பொய், கடல் தாண்டி வந்து இவள் காட்டின் ஈரத்தைக் குடித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை கொட்டகைக்கு வந்தாள். உட்காரவில்லை. இனிச் சங்கத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். தோழர் புத்தகத்தைப் பார்த்தபடியே தலையாட்டினார். வாசல்வரை போனவள் நின்றாள்.

"பாட்டுப் பாடிக்கிட்டு மாட்ட ஓட்டியாந்தானே, அவன் பொண்டாட்டி வெறுங் கட்டுத்தறியப் பாத்து என்ன சொன்னா தோழரே? அத எழுதியிருந்தா சொல்லியனுப்புங்க. வர்றேன்."