பாடலும் இசையும்: துரைசாமி

வங்காளத்தில் ஒரு துறைமுக அலுவலகத்தில் தலைமை குமாஸ்தாவாக இருந்த துரைசாமிக்குக் கோப்புகளைவிடப் பாட்டு எழுதுவதில்தான் மோகம். லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போகும் பஸ்ஸில், கிடைத்த காகிதத்தில் கிறுக்கிக்கொண்டே போவார். சொல் வந்துவிடும், மெட்டுதான் வராது. எதைப் பாடினாலும் பஜனை மாதிரி இழுக்கும். "ஏங்க, இது மழைப் பாட்டா, மார்கழிப் பாட்டா?" என்று கேட்டுவிட்டு மனைவி ஜலஜா சமையலறைக்குப் போய்விடுவாள்.

1997 மழைக்காலத்தில் ஒரு வரி நன்றாக அமைந்தது. 'குடை மறந்த நாளில்தான் கூட வந்தாய் மழையே.' ஒரு வாரம் அதை முணுமுணுத்துக்கொண்டே அலைந்தார். பிறகு ஒருநாள் காலை, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றபோது மெட்டு தானாக வந்து உட்கார்ந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. நுரையோடு ஓடிப்போய் டேப் ரெக்கார்டரில் பாடி வைத்தார். ஜலஜாகூட அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

"நீங்களா மெட்டுப் போட்டீங்க?"

"பின்னே யாரு?"

அதை அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம். எங்கே யோசித்தார்? தமிழ்ச் சங்க ஆண்டுவிழாவில் பாட இடம் பிடித்தார். அழைப்பிதழில் 'பாடலும் இசையும்: துரைசாமி' என்று அச்சாகி வந்தது. ஹார்மோனியத்துக்குக் கீழ்வீட்டு சாதனா தீதியைக் கேட்டார். பள்ளியில் பூகோளம் நடத்தும் வங்காளிப் பெண்மணி; அக்காவுக்கு அங்கே தீதி என்று பெயர். தினமும் காலை ஆறரைக்கு ஹார்மோனியத்தோடு உட்கார்ந்துவிடுவார். கேட்டவுடன் சம்மதித்தார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஒத்திகை. துரைசாமி பல்லவியைப் பாடினார். தீதியின் விரல்கள் கூடவே வந்தன. சரணத்துக்கு அவர் மூச்சு இழுப்பதற்குள் விரல்கள் சரணத்தின் ஏற்றத்தை வாசித்து முடித்துவிட்டன. அவர் இன்னும் பாடிக் காட்டாத இடம் அது.

துரைசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் சவரம் செய்யும் குளியலறை ஜன்னல் கீழ்வீட்டுக் கூடத்துக்கு நேர்மேலே இருந்தது. வார்த்தை இல்லாத ஒரு மெட்டு வருஷக்கணக்காக அங்கிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. வார்த்தை இல்லாததால் அதை ஒரு பாட்டாகவே அவர் காதில் வாங்கவில்லை.

தீதி கையை எடுத்தார். "இந்த மெட்டு உங்களுக்கு எப்படி வந்தது, தாதா?" என்று அண்ணன் முறை வைத்து வங்காள மொழியில் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"அது... தானா வந்தது, தீதி."

பொய் என்று தெரிந்தே சொன்னார். அழைப்பிதழ் ஊரெல்லாம் போய்விட்டது, ஆபீசிலிருந்து மேலதிகாரியே குடும்பத்தோடு வருகிறார். மேடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

மேடையில் சொல்லவில்லை. தீதி பின்னால் உட்கார்ந்து ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. துரைசாமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக் அவர் கையில்தான் இருந்தது. "நன்றி" என்ற ஒரே சொல்லோடு அதைத் திருப்பிக் கொடுத்தார். வெட்கங்கெட்டவனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு வீடு வந்தார். மறுநாளே குளியலறை ஜன்னலை இறுக்கச் சாத்தினார்.

அப்புறம் அவர் பாட்டு எழுதவில்லை. கேட்டவர்களிடம் ஆபீசில் வேலை அதிகம் என்றார். படிக்கட்டில் தீதி எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். தீதியோ ஒவ்வொரு பூஜைக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்தனுப்பினார். அதை அவர் தொடமாட்டார்.

2005-ல் நகரத்தின் மறுகோடியில், நியூ டவுனில் தன் மகன் வாங்கிய ஃபிளாட்டுக்குத் தீதி வீடு மாறிக் கிளம்பினார். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது துரைசாமி கீழே இறங்கி வந்தார்.

"தீதி, அந்த மெட்டு உங்களோடது. ஜன்னல் வழியாக் கேட்டிருக்கேன். ஒத்திகையிலேயே தெரிஞ்சுபோச்சு. மறைச்சுட்டேன்."

"தெரியும், தாதா," என்றார் தீதி. "அப்போ நாலு வருஷமா அதுக்கு வார்த்தை தேடிக்கிட்டிருந்தேன். உங்க வார்த்தை நல்லாவே பொருந்திச்சு. மேடையில சொல்வீங்கன்னு பார்த்தேன்."

தீதி தொடர்ந்தார்.

"விழா முடிஞ்ச மறுவாரம் காலையில அதை வாசிச்சேன். ஜலஜா கீழே வந்து, 'எங்க வீட்டுக்காரர் மெட்டு உங்களுக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சா, தீதி?'ன்னு ஆசையாக் கேட்டாங்க. அதோட வாசிக்கிறதை நிறுத்திட்டேன்."

லாரி புறப்பட்டது. மாடியிலிருந்து ஜலஜா கையசைத்து வழியனுப்பிக்கொண்டிருந்தாள். அவளிடமும் துரைசாமி இன்னும் சொல்லியிருக்கவில்லை.