கினிகத்தேனைக் குளியலறையில் மூன்று நீலம்

நான் டைல் ஒட்டுகிறவள். ஆறு வருடம் மூர்த்தி பாஸிடம் கையாளாக வேலை செய்தேன். இலங்கை மலையகத்தில், எங்கள் பக்கம், மேசன் வேலைக்காரர், தச்சுவேலைக்காரர் எல்லோருக்கும் பாஸ் என்றுதான் பெயர். அதன் பிறகு என் சொந்தப் பொறுப்பில் இருபத்திரண்டு குளியலறைகள் செய்து முடித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் என் நோட்டில் இடம் உண்டு. கிழமை, நேரம், மழை பெய்ததா, என்ன ஒட்டினேன், என்ன விழுந்தது, எல்லாம் எழுதியிருப்பேன். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற பெண்பிள்ளைகள் சிலர் கேட்டதால் முதல் குளியலறையின் கதையை இங்கே எழுதுகிறேன். நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஞாபகத்தை நம்பி எழுதவில்லை.

1. திங்கட்கிழமை: கல் ஒட்ட நான் மறுத்தது

வீடு கினிகத்தேனையிலிருந்து அரை மைலில், ஹட்டன் ரோட்டுக்கு மேற்புறம் இருந்தது. ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற சிவபாலன் ஐயா கட்டியது. மூர்த்தி பாஸுக்கு ஆகஸ்ட் வரை கை ஒழியாததால் ஐயா என்னைக் கூப்பிட்டார். அதைக் கேள்விப்பட்ட பாஸ், ஹாட்வெயார் கடையில் நாலு பேர் முன்னால், பத்து நாளில் நான் திரும்பி வந்து அவரிடமே வேலை கேட்பேன் என்று சொல்லியிருந்தார். கடைக்காரர் அதை எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சுவர் நின்றால் நான் தனியாகத் தொழில் செய்யலாம். நிற்காவிட்டால் கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை ஒருவரும் எனக்கு இன்னொரு சுவரைத் தரமாட்டார்கள்.

ஜூன் மாதக் கடைசித் திங்கள், காலை எட்டு பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மழை. குளியலறை ஏழடிக்கு ஐந்தடி. மூன்று சுவர்களுக்கு வெள்ளை டைல் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. கதவைத் திறந்ததும் எதிரே தெரிகிற ஏழடிச் சுவர் மட்டும் வெறும் சீமெந்துப் பூச்சோடு நின்றது.

ஐயா தன் போனில் ஒரு படம் காட்டினார். நுவரெலியாவில் பழைய பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்களாம், அதன் குளியலறை. சுவர் முழுக்கக் கறுப்புக் கல் பட்டைகள், ஒன்று உள்ளே ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு, சொரசொரவென்று. அதற்கு ஃபீச்சர் வோல் என்று பெயர் சொன்னார். இந்த வியாழன் போக அடுத்த வியாழன் மகன் குடும்பத்தோடு கொழும்பிலிருந்து வருகிறான், அதற்குள் இதே மாதிரி வேண்டும் என்றார்.

அந்தச் சுவர் எனக்குப் புதிதில்லை. குவைத்தில் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்தேன். அந்த வீட்டுக் குளியலறையிலும் இப்படி ஒரு கல் சுவர் இருந்தது. வியாழன்தோறும் பழைய பல் தூரிகையால் ஒவ்வொரு இடுக்காகத் தேய்ப்பேன். மழையே இல்லாத ஊரில் அந்தச் சுவருக்கு மட்டும் இரண்டு மணி நேரம் பிடிக்கும். கினிகத்தேனையில் வெயில் எட்டிப் பார்க்காத நாட்களே அதிகம். மூன்று வாரத்தில் அந்த இடுக்குகளில் பாசி ஏறிவிடும்.

நான் ஐயாவிடம் கேட்டேன்:

"இத யாருங்கய்யா தேய்க்கிறது?"

"என்னா கேள்வி இது? ஒன்னய ஒட்டத்தானே கூப்பிட்டேன்."

பாசியைப் பற்றிச் சொன்னேன். குவைத்தைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. தோட்டத்தில் முப்பது வருடம் அவர் சொன்னதை மறுத்துப் பேசியவர்கள் அதிகம் இருந்திருக்கமாட்டார்கள். விருப்பமில்லை என்றால் மூர்த்தி பாஸ் எப்படியாவது ஒரு நாள் ஒதுக்கி வந்து கல்லை ஒட்டிவிடுவார் என்றார்.

"அப்ப அவரையே கூப்பிடுங்கய்யா. நான் கல்லு ஒட்டமாட்டேன்."

சொல்லிவிட்டுப் பூச்சுக் கரண்டியையும், சமம் பார்க்கிற ரசமட்டத்தையும் பைக்குள் போட்டேன். என் முதல் வேலை. அப்போது குசினியிலிருந்து ஐயாவின் மனைவி தவமணி அம்மா வந்தார். பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், இருபத்தைந்து வருடம் வேலை செய்தவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்.

"நாந்தான் தேய்க்கணும். வீடு கட்ட ஆரம்பிச்சதுலருந்து என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார் கணவரிடம். குரலை உயர்த்தவில்லை.

ஐயா போனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். என் விருப்பப்படி செய்யலாம். ஆனால் அடுத்த புதன்கிழமை மூர்த்தி பாஸ் வந்து சோதிப்பார். சரியில்லை என்று அவர் சொன்னால் எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு மகன் திரும்பிப் போன பிறகு கல்தான். ஒத்துக்கொண்டேன்.

தவமணி அம்மாவிடம் சுவரில் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"தேயிலய மட்டும் வரஞ்சிராத தாயி. அதப் பாத்துப் பாத்துச் சலிச்சிருச்சு." கொஞ்சம் யோசித்தார். "மழ விட்டதும் எதிர்த்த மல நீலமாத் தெரியும்ல. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா, மூணு நீலம். அது வருமா?"

2. செவ்வாயும் புதனும்: வெட்டு

ஹட்டனுக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். இரண்டடிக்கு ஓரடி டைல், வழுவழுப்பானது, மூன்று நீலத்தில் அம்மாவே எடுத்தார். பெரிய டைல் எடுத்ததற்குக் காரணம் உண்டு. சின்ன டைல் என்றால் இணைப்புகள் அதிகமாகும். அழுக்கு முதலில் பிடிப்பது இணைப்பில்தான். டைல் கடைக்காரர் சிங்களவர். தங்கச்சி என்ற பொருளில் நங்கி என்று கூப்பிட்டு, "எந்த பாஸுக்கு டைல்?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

டைலில் மலை வரைவதற்குச் சாயம் கிடையாது. இரண்டு நிற டைல்களை ஒரே வளைவில் வெட்டி, ஒன்றோடொன்று பொருந்த வைக்கவேண்டும். பழைய பத்திரிகைத் தாள்களை ஏழடிக்கு ஒட்டி, வீட்டுப் பின்கதவில் நின்று எதிர்மலையின் கோட்டைக் கரித்துண்டால் அம்மாவே வரைந்தார். அவர் கை நடுங்கிய இடங்களை நான் திருத்தவில்லை. மலையும் அப்படித்தான் இருக்கிறது. தாளை வெட்டி, டைல் மேல் வைத்து, கிரைண்டரில் வைரத்தூள் பதித்த டைமன் பிளேட் போட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி வெட்டினேன். புதன் மாலை ஐந்தரைக்குள் பதினேழு துண்டு. நான்கு உடைந்தன. மூர்த்தி பாஸிடம் இருந்தபோது நேர்வெட்டு மட்டும்தான் பழகியிருந்தேன்.

3. வெள்ளிக்கிழமை: விழுந்தது

இந்தப் பகுதியை விட்டுவிட்டும் எழுதலாம். விடப்போவதில்லை.

சுவர் டைலைத் தரையிலிருந்து தொடங்கமாட்டோம். இரண்டாவது வரிசையின் அடியில், ரசமட்டம் பிடித்து, சுவரில் ஒரு மரச்சட்டத்தை ஆணியடித்து, அதன் மேல் டைலை உட்காரவைத்து மேலே போவோம். பசை இறுகிய பிறகு சட்டத்தைக் கழற்றிவிட்டுக் கடைசியாக அடி வரிசையை ஒட்டுவோம். வியாழன் காலை பத்து மணிக்கு இரண்டு வரிசை ஒட்டினேன். மூர்த்தி பாஸ் சீமெந்துப் பாலில் ஒட்டுவார். நான் முதல் தடவையாகப் பையில் வருகிற டைல் பசையில் ஒட்டினேன்.

குவைத்து வீட்டில் ஒரு தடவை குளியலறையைப் புதுப்பித்தார்கள். எகிப்துக்காரர் ஒருவர் ஒட்டினார். அப்போதே எனக்கு எழுதும் பழக்கம் இருந்தது. எத்தனை மணிக்கு ஒட்டினார், எத்தனை மணிக்குச் சட்டத்தைக் கழற்றினார் என்று குறித்து வைத்திருந்தேன். காலையில் ஒட்டி, மறுநாள் காலை கழற்றினார். பசைப் பையிலும் இருபத்துநாலு மணி நேரம் என்று மூன்று மொழியில் போட்டிருந்தது. மூன்றையும் படித்தேன். இரண்டு சான்று கிடைத்ததும் எனக்குத் திருப்தியாகிவிட்டது. வெளியே நான்கு நாளாக மழை, சுவர் உள்ளங்கைக்குச் சில்லென்று இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

வெள்ளி காலை பத்தரைக்குச் சட்டத்தைக் கழற்றினேன். பதினொன்று நாற்பதுக்கு அடி வரிசைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சத்தம். டைல்கள் சேர்ந்தாற்போல இரண்டு அங்குலம் கீழே வழுக்கின. நான் கையால் தாங்குவதற்குள் இரண்டு தரையில் விழுந்து நொறுங்கின. பின்பக்கத்துப் பசையைத் தொட்டுப் பார்த்தேன். தயிர் மாதிரி இருந்தது.

நேரே போய் ஐயாவிடம் சொன்னேன். என் பிழை, அவசரப்பட்டுச் சட்டத்தைக் கழற்றிவிட்டேன் என்றேன். அவர் உடனே போனை எடுத்துப் பாஸைக் கூப்பிட்டார். மூன்று மணிக்கு மூர்த்தி பாஸ் குடையோடு வந்து நின்றார்.

பாஸ் விழுந்த டைலின் முதுகை நகத்தால் கீறிப் பார்த்தார். எப்போது ஒட்டினேன், எப்போது கழற்றினேன் என்று கேட்டார். சொன்னேன். எங்கிருந்து படித்தேன் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"குவைத்து வெயிலப் பையில கட்டிக்கிட்டு வந்தியா புள்ள? இங்க வேட்டி காயவே மூணு நாளாவுது." ஐயாவின் பக்கம் திரும்பினார். "இப்பவே கொத்திருவோங்கய்யா. ஞாயித்துக்கெழம நான் வந்து கல்ல ஒட்டிர்றேன்."

அவர் சொன்ன முதல் பாதி சரி. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. ஆனால் இரண்டாவது பாதியில் ஓட்டை இருந்தது.

"விழுந்தது என் தப்புதான் பாஸ். ஆனா உங்க கல்லு இந்தக் குளிர்ல மட்டும் ஒரே நாள்ல இறுகிருமா? அதுவும் டைலவிடக் கனமான கல்லு. உங்களுக்கும் மூணு நாள் வேணும். அந்த மூணு நாள எனக்குக் குடுக்கச் சொல்லுங்க."

ஐயா பாஸின் முகத்தைப் பார்த்தார். ஆறு வருடம் அவரோடு வேலை செய்ததில் ஒன்று தெரியும். வேலை விஷயத்தில் அவர் பொய் சொல்லமாட்டார்.

"மூணு நாள் வேணுந்தான்," என்றார் பாஸ். "புதங்கெழம வந்து தட்டிப் பாப்பேன். ஒண்ணுல வெத்துச் சத்தம் கேட்டாலும் மறைக்காமச் சொல்லுவேன்."

"சொல்லுங்க. அதுக்குத்தான் வரச் சொன்னது."

4. நூறு வாட் பல்பு

அன்று மாலையே இரண்டு வரிசையையும் நானே கழற்றினேன். பசையைச் சுரண்டி, ஒவ்வொரு டைலையும் கழுவித் துடைத்தேன். சனி காலை மறுபடி சட்டம் அடித்தேன். ஜன்னலைப் பொலித்தீனால் அடைத்து, நடுவில் நூறு வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். சுவரின் குளிர் போனதும் ஒட்டத் தொடங்கினேன். பக்கத்தில் ஒரு உடைந்த ஓட்டில் அதே பசையைத் தடவி வைத்தேன். இரண்டு மணிக்கொரு தடவை ஆணியால் கீறி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று எழுதினேன். சனி, ஞாயிறு, திங்கள் மேல் வரிசைகள் ஏறின. சட்டத்தைத் தொடவில்லை. செவ்வாய் மதியம் ஓட்டின் மேல் ஆணி வழுக்கியது, கீறல் விழவில்லை. அதற்குப் பிறகுதான் சட்டத்தைக் கழற்றி அடி வரிசையை ஒட்டினேன், அது தரையில் உட்காருவதால் வழுக்காது.

அந்த நாட்களில் குளியலறையை யாரும் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லியிருந்தேன். பெரிய கிளாக்கர் ஐயா பின்பக்கத்துக் குழாயில், இடுப்பில் கட்டிய சாரத்தோடு, மழையில் நின்று குளித்தார். ரோட்டில் போன கொழுந்து லொறியிலிருந்து யாரோ "ஐயா, சோப்பு வேணுமா?" என்று கேட்டார்கள். ஐயா அதற்கு என்னைத்தான் முறைத்தார்.

5. புதன்கிழமை: தட்டிப் பார்த்தது

காலை ஒன்பதுக்குப் பாஸ் வந்தார். இணைப்புகளை அடைக்கிற கிரவுட் பூசும் முன்பே வரச் சொல்லியிருந்தேன். குறை இருந்தால் அப்போதுதான் பக்கத்து டைல் உடையாமல் கழற்றலாம்.

கதவைத் திறந்ததும் அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். அடியில் கடும் நீலம், நடுவில் ஒரு நீலம், உச்சியில் ஏறத்தாழ வெள்ளை கலந்த நீலம். இடையில் அம்மா வரைந்த மலைக்கோடுகள். வெட்டின இடத்தை விரலால் தடவினார். பிறகு சாவியை எடுத்து ஒவ்வொரு டைலையும் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டத் தொடங்கினார். பசை முழுக்கப் பிடித்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். உள்ளே வெற்றிடம் இருந்தால் டொக்கென்று வரும். ஐயா, அம்மா, நான், மூவரும் கதவடியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஐந்தாவது வரிசையில் நின்றார். மறுபடி தட்டினார். டொக்.

"இடப்பக்கத்துலருந்து ரெண்டாவது. கீழ் மூல," என்றேன் அவர் சொல்வதற்கு முன்பே. நோட்டை நீட்டினேன். முந்தின நாள் மாலை நானே தட்டிக் கண்டுபிடித்து எழுதியிருந்தேன்.

"தெரிஞ்சும் ஏன் கழட்டல?"

"நான் மறச்சு வச்சிட்டேன்னு நாளைக்கு நீங்க சொல்லக்கூடாதுல்ல. உங்க முன்னாலயே கழட்டுறேன்."

கழற்றினேன். பக்கத்து டைல் ஒன்றுக்கும் சேதமில்லை. வேறொன்றை முழுப் பசையோடு ஒட்டினேன். பாஸ் மீதியையும் தட்டி முடித்தார். ஒன்றிலும் டொக்கென்று வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டே ஐயாவிடம், "கல்லு வேணாங்கய்யா, இதே இருக்கட்டும்," என்றார். மதியம் கிரவுட் பூசினேன், பசை இன்னும் ஈரமாக இருந்த அந்த ஒரு டைலைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டேன். மகன் குடும்பம் வியாழன் வந்தபோது அந்த நாலு பக்கமும் இடைவெளி தெரிந்தது. சனிக்கிழமை போய் அடைத்தேன். ஐயா மகனிடம் அந்த மலை யோசனை தன்னுடையது என்று சொல்லியிருந்தார். அம்மா அதைத் திருத்திவிட்டதாக என்னிடம் சொன்னார். ஈரத் துணியால் நின்றபடியே முழுச் சுவரையும் துடைக்க அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய் மாலை, மூர்த்தி பாஸ் போன் பண்ணினார். பொல்பிட்டியவில் ஒரு வீட்டுக்காரர் அதே மாதிரி வளைவு வெட்டிய சுவர் கேட்கிறாராம். வந்து வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

"சுவரு யாரு பேர்ல பாஸ்?"

"எம் பேர்லதான். நான் எடுத்த வேல."

"அப்ப நீங்களே வெட்டுங்க."

வெள்ளி காலை ஏழு இருபதுக்கு மறுபடி எடுத்தார். அந்தச் சுவர் மட்டும் என் பேரில் இருக்கட்டும் என்றார். போனேன், செய்தேன், அது என் இரண்டாவது.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். வேறொருவரின் நேரக் கணக்கை நம்பிச் சட்டத்தைக் கழற்றாதீர்கள், உங்கள் சுவரைத் தொட்டுப் பாருங்கள். விழுந்தால், அடுத்தவர் வந்து சொல்லும் முன்பே விழுந்தது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னவள், சுவர் நிற்கும்போது அதன் முன்னால் நிமிர்ந்து நிற்கவும், வேண்டாத வேலையை வேண்டாம் என்று சொல்லவும் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.