எச்சில் படாத காலர்

சித்தி தையல் கூடத்து வேலையை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால். அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தவர் மேலாளர். மணி அடித்துவிட்டால் இருநூறு பெண்களும் எழுந்துவிடுவார்கள், நடைவழியில் அவள் யார் மேலாவது உரசிவிடக் கூடாதாம். பதினொரு வருடம் அவள் உட்கார்ந்திருந்த மெத்தையை, துண்டுத்துணி அடைத்து அவளே தைத்த மெத்தையை, சூப்பர்வைசர் இரும்பு ஸ்கேலின் நுனியில் செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தார். வாசலில் எறிந்தார். கையோடு ஸ்கேலையும் எறிந்துவிட்டார்.

சட்டைகளைச் சோதிக்கும் மேசையில் நான் நின்றிருந்தேன். ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, சித்தி வீட்டில் தங்கி, அவள் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை அது. எத்தனையோ தங்கும் விடுதிகள், எத்தனையோ பேருந்து நிலையக் கழிப்பறைகள் பார்த்தவள் நான். அந்த ஸ்கேலைப்போல அருவருப்பான ஒன்றை எங்கேயும் நான் பார்த்ததில்லை.

சித்தி காலர் தைப்பவள். சட்டையில் கஷ்டமான இடம் காலர்தான். இரண்டு நுனியும் ஒரே கூராக நிற்க வேண்டும், உள்துணி சுருங்கக் கூடாது. அந்தக் கூடத்தில் அது சுத்தமாக வந்தது அவள் ஒருத்திக்குத்தான். அதனால் அவள் பெயரே காலரக்கா.

தையல் கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. சட்டை வாங்குகிறவர்களுக்குத் தெரிந்தால் போட்டுக்கொள்ள மனம் வராது. மெஷின் ஊசி விரலில் ஏறுவது அங்கே சாதாரணம். வெள்ளைத் துணியில் ரத்தப் பொட்டு விழுந்தால், காய்வதற்குள் எச்சிலைத் தொட்டுத் தேய்த்துவிடுவார்கள். கறை போய்விடும், துணி மேலே நகர்ந்துவிடும். சிலர் தேய்ப்பதற்குக்கூடச் சோம்பல்பட்டு நேராக நக்கிவிடுவார்கள். என் மேசைக்கு ஈரத்தோடு வந்த சட்டைகள் எத்தனை என்று எனக்குத்தான் தெரியும்.

சித்தி மட்டும் அப்படிச் செய்ததில்லை. பொட்டு விழுந்தால் அந்தத் துணியைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, புதுத் துணி கேட்டு வாங்கி, முதலிலிருந்து தைப்பாள். எண்ணிக்கை குறைந்ததற்குத் திட்டு வாங்குவாள். காலரக்காவுக்கு வாயில் எச்சிலே ஊறாது, பெரிய இடம் என்று பக்கத்து மெஷின்காரி கேலி செய்வாள். சித்தியும் சேர்ந்து சிரித்துக்கொள்வாள்.

சித்தப்பா லாரி ஓட்டியவர். அவர் எச்.ஐ.வி.யில் இறந்துபோன மாதமே இவள் ரத்தத்தையும் பார்த்தார்கள். இருந்தது. ஒன்பது வருடமாகத் தினமும் ஒரு மாத்திரை, ஒரு நாள் தவறியதில்லை. இப்போது சோதனையில் கிருமி கண்ணுக்கே படவில்லை, இவளிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் பலமுறை சொல்லிவிட்டார். துணியில் விழுந்த பொட்டால் எந்தக் காலத்திலும் யாருக்கும் வராது என்றும் சொன்னார். தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். ஆனாலும் துணியைச் சுருட்டிப் பைக்குள் வைப்பதை நிறுத்தவில்லை.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வாரம் அவசர வேலை. சித்தியின் கட்டைவிரலில் ஊசி ஏறியது. பொட்டு விழுந்த காலரை அவள் எடுப்பதற்குள் பக்கத்து மெஷின்காரி, உதவி செய்கிற எண்ணத்தில்தான், தன் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு தேய்க்கக் கையை நீட்டினாள். சித்தி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பலமாகவே தட்டியிருக்க வேண்டும், வளையல் உடைந்தது.

"என்னக்கா, நான் தொட்டா தீட்டா?" என்று அவள் முகம் சிவந்து கேட்டாள்.

ஏழு வருடம் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டவர்கள். தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று சித்தி அவள் காதருகே குனிந்து உண்மையைச் சொன்னாள். இந்த ஒரு தப்பைத்தான் அவள் செய்தாள்.

டீ வேளைக்குள் கூடம் முழுவதும் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் சித்தியின் டம்ளரில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. இருநூறு பேருக்கு மூன்றே கழிப்பறை. அதில் ஒன்றின் கதவில் 'காலர் மட்டும்' என்று அட்டை தொங்கியது. "மேலாளருக்கே தனி கக்கூஸ் கிடையாதுடி, எனக்கு இருக்கு பாரு," என்றாள் சித்தி என்னிடம். அடுத்த நாள் வரிசை நீண்டபோது அட்டை எழுதித் தொங்கவிட்டவளே அதற்குள்ளிருந்து வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனாள்.

கூடத்தின் கோரிக்கை, எல்லோருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்பது. சரியென்று சுகாதார வேனும் வந்தது. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, ஆணுறை, ஊசி, தாயிடமிருந்து பிள்ளை என்று வந்த அம்மா பொறுமையாகச் சொன்னாள். டம்ளர், மெத்தை, கழிப்பறை எதிலும் வராது என்று இரண்டு முறை சொன்னாள். ஆணுறை என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் ஒன்பது பேர். கத்திக் கேட்டவர்களில் ஒருத்திகூட அதில் இல்லை. ஒருத்திக்கு மாதவிலக்கு, ஒருத்திக்குத் தலைசுற்றல், ஒருத்தி புருஷனைக் கேட்க வேண்டுமாம்.

நானும் யோக்கியம் இல்லை. அன்று வீட்டுக்குப் போய் முகம் கழுவியபோது, சித்தியின் துண்டோடு ஒரே ஆணியில் தொங்கிய என் துண்டை எடுத்து நாற்காலியில் போட்டேன். எல்லாம் தெரிந்த எனக்குக் கை அப்படித்தான் போயிற்று. சித்தி பார்த்தாள். தன் துண்டை எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். என்னுடைய அந்தக் கையை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் சித்தி டாக்டரின் கடிதத்தோடு மேலாளரிடம் போனாள், துணைக்கு நான். அவர் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு கடிதத்தின் ஓரத்தைப் பிடித்துப் படித்தார்.

"எனக்கு இதுல நம்பிக்கை இருக்கும்மா. அவங்களுக்கு இல்லையே," என்றார்.

"சார், எனக்கு என் மெஷின் மட்டும் போதும். யார்கூடயும் பேசல, சாப்பிடல. மூலையில போட்டாலும் உக்காந்துக்கறேன். எனக்கு வேற வேலை தெரியாது சார்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். துணி வெளியில போறது. யாராவது ஒரு வார்த்தை விட்டுட்டா மொத்த ஆர்டரும் போயிடும்."

"என் காலர்ல எச்சில்கூட இல்ல சார். மத்தவங்களுத எடுத்துப் பாருங்க."

மற்றவர்களுடையதை அவர் எடுத்துப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை என்று நாள் சொன்னார்.

அவள் போன மறுநாளே மெத்தையைப் பின்புறம் எரித்தார்கள். மெஷினை டெட்டால் ஊற்றிக் கழுவினார்கள், மோட்டார் கெட்டது. பக்கத்து மெஷின்காரி விரலில் ஊசி ஏறியது. நக்கித் துடைத்துவிட்டு மேலே தள்ளினாள். அந்தச் சட்டை என் மேசைக்கு வந்தபோது நானும் எழுந்து வந்துவிட்டேன்.

சித்தி ஊரின் மறுபக்கத்தில், பழைய துணிகளுக்கு ஜிப் மாற்றும் கடையில் சேர்ந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விரலில் குத்தினால் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். காலர் தைக்க அங்கே வேலை இல்லை. வீட்டில் சும்மா இருக்கும்போது தாளை வெட்டி நுனி மடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒன்றேகால் வருடம் கழித்து என் போனுக்கு மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. அப்படியே சித்திக்குப் படித்துக் காட்டினேன்.

'நலமா. உங்கள் சித்தி இப்போது எப்படி இருக்கிறார். புதிதாகச் சேர்ந்த இருவருக்கும் காலர் வரவில்லை, மூவாயிரம் சட்டை திரும்பி வந்துவிட்டது. துணியை வீட்டுக்கே அனுப்புகிறேன், அவர் இங்கே வர வேண்டாம். யார் தைத்தது என்று இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம், வண்டிக்காரரிடமும் சொல்ல வேண்டாம். அவருடைய காலர் மாதிரி இங்கே யாருக்கும் வராது. கையுறை போட்டுத் தைக்கச் சொல்லவும்.'